ஐம்பத்தெட்டாவது நிமிடக் கேள்வி

பூதப்பாண்டி லீலாபாய்க்கு யாரைக் கண்டாலும் ஓர் இளக்காரம் உண்டு. பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது, உத்தியோகம் கொடுத்த குணம். நாகர்கோவிலில் அறுபது கட்டில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக இன்சூரன்ஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மேஜையில் ஒரு வருஷம் இருந்தாலே மனிதர்கள்மேல் உள்ள மதிப்பு பாதியாகிவிடும். பத்தொன்பது வருஷம் இருந்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முடித்துவிட்டு பில் போடத்தான் வந்தாள். காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கியபோது, "இங்கிலீஷ் உனக்குத்தானே தப்பில்லாம வரும்" என்று சொல்லி முதலாளி டாக்டர் கிருஷ்ணமணி மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு அவளை உட்காரவைத்தார். இப்போது அந்த மேஜைக்குக் கண்ணாடித் தடுப்பு, ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், கோட்டாறிலிருந்து ரஸீனா என்று ஓர் உதவிக்காரி எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் மாடியில் ஸ்ட்ரெச்சர் உருளும்போதெல்லாம் தலைக்கு மேலே இடி இடிக்கும். அவள் கணவர் முருகதாஸ் மின்வாரியத்தில் லைன்மேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்பார். திட்டைத்தான் கேட்கிறார். அவளும் கைகால் கழுவிக்கொண்டே பட்டியல் வாசிப்பாள்.

அவள் வேலை இதுதான். நோயாளியிடம் காப்பீடு இருந்தால், ஆபரேஷனுக்கு முன்னால் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். காகிதங்களை எல்லாம் கம்பெனியின் இணையப் போர்ட்டலில் ஏற்றினால் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரன் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். ஆஸ்பத்திரி பதில் அனுப்பிய பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து ஓடத் தொடங்கும். இந்த ஓட்டை ஒன்று போதாதா? ஐம்பத்தேழு நிமிஷம் கேஸைத் தொடவே மாட்டார்கள். ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஒரு கேள்வி வந்து விழும். கேள்விக்குப் பொருள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கருப்பை எடுக்க வந்தவளின் ரத்த அழுத்தத்தைக் கேட்பார்கள், முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். கேட்டாயிற்று, கடிகாரம் நின்றாயிற்று, கணக்கில் அவர்கள் நேரம் தவறவில்லை. வருஷக் கடைசியில் 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கேஸ்களுக்கு உரிய நேரத்தில் பதில்' என்று பத்திரிகையில் விளம்பரம் வேறு.

கேள்வி கேட்பவர்கள் பெயர் போடுவதில்லை. ஆனாலும் கேள்வியின் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள் லீலாபாய். 'தயவுசெய்து' என்று தொடங்கித் தயவே காட்டாதவர் ஒருவர், அவருக்குத் தயவுடையார் என்று பெயர். ஒருவர் எப்போதும் எக்ஸ்ரே தெளிவாக இல்லை என்பார், அவர் மாலைக்கண். இன்னொருவர் தேதி மட்டும்தான் கேட்பார். வலி எந்தத் தேதியில் தொடங்கியது, வீக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது, ஆதாரம் என்ன. வலி வந்தவன் காலண்டர் தாளைக் கிழித்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவானா? அவருக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தாள். மூன்று வருஷமாக அவளுடைய முக்கியமான எதிரி அவர்தான். முகம் மட்டும் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டம் முழுவதும் வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரையாகப் பார்த்துக் கூடும். மருத்துவக் காப்பீட்டு இடர் மேலாண்மை ஆண்டு மாநாடு என்று பெயர். கம்பெனிக்காரர்கள், நடுவில் நின்று கேஸ் பார்த்துக் கொடுக்கும் நிறுவனத்தார், பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகிகள், கம்ப்யூட்டர் விற்க வந்தவர்கள் என்று ஐந்நூறு பேர். கோவளத்தில் நடந்தபோது கிருஷ்ணமணியோடு ஒருமுறை லீலாபாய் போயிருக்கிறாள். இந்த வருஷம் கன்னியாகுமரியில் ஒரு பெரிய ஓட்டலில். அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு 'சிறந்த ஒத்துழைப்பு மருத்துவமனை' என்று ஒரு கேடயம் கொடுக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. ஒத்துழைப்பு என்றால், கம்பெனி இல்லை என்று சொன்னதும் எதிர்த்து மனுப்போடாமல் வாயை மூடிக்கொள்வது. லீலாபாய் எழுதிய மனுக்களில் கிருஷ்ணமணி கையெழுத்துப் போட்டவற்றை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

"எனக்கு ஓ.பி. இருக்கு. நீ போயி வாங்கிட்டு வா. நல்ல சேலையா உடுத்திக்கோ" என்றார் அவர்.

மாநாட்டுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் குமாரதாஸ் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்று. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் கான்ட்ராக்டரிடம் வேலை. கோபுரத்துக்கு உள்ளே ஏணியில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிற மனிதர். வலது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டிருந்தன. குழாய்க்கு மாற்றுவழி போட்டால் கால் பிழைக்கும். அதைச் செய்கிற டாக்டர் திருவனந்தபுரத்திலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். மூன்று மணிக்குள் தியேட்டருக்குள் போனால்தான் முடித்துவிட்டு அவரால் ரயிலைப் பிடிக்க முடியும். அடுத்த சனிக்கிழமைவரை அந்தக் கால் தாங்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று அவரே போனில் சொல்லிவிட்டார். வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் அந்தக் குடும்பத்திடம் வழியில்லை. கம்பெனி அனுமதி இல்லாமல் கிருஷ்ணமணி தியேட்டர் கதவைத் திறக்கவும் மாட்டார். அவருடைய இரக்கத்துக்கும் முன் அனுமதி வேண்டும்.

ஸ்கேன் முடிவு கைக்கு வந்ததும் சனிக்கிழமை காலை எட்டு இருபத்தெட்டுக்குக் கேஸைப் போர்ட்டலில் ஏற்றிவிட்டு, ரஸீனாவை மேஜையில் உட்காரவைத்துவிட்டு, பச்சைப் பட்டுச்சேலையில் லீலாபாய் கன்னியாகுமரி பஸ் ஏறினாள். சுசீந்திரம் தாண்டி, கொட்டாரமும் தாண்டிப் போகும்போது ஒன்பது இருபத்தாறு. போனில் கேள்வி வந்து விழுந்தது. 'நோய் அறிகுறி தொடங்கிய சரியான தேதியை ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.'

"பஞ்சாங்கம்" என்றாள் லீலாபாய். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

ஓட்டல் வாசலில் நின்றபடியே ரஸீனாவிடம் சொல்லி, சுமார் மூன்று வாரம் என்று டாக்டர் குறிப்போடு பதில் அனுப்பவைத்தாள். அப்போது ஒன்பது நாற்பது. பத்து முப்பத்தெட்டுக்கு அடுத்த கேள்வி வந்தது. 'சுமார் என்பதை விளக்கவும்.' அதற்கும் பத்து ஐம்பதுக்குப் பதில் போயிற்று.

இதற்கிடையே உள்ளே மாநாடு களைகட்டியிருந்தது. மேடையில் ஒருவர், காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் மக்கள் தேவையில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் அரைமணி நேரம் வருத்தப்பட்டார். கட்டைவிரல் கறுக்கும்வரை காத்திருந்து வந்து படுப்பதற்கு யாருக்கு அப்படி ஆசை என்று லீலாபாய்க்குக் கேட்கத் தோன்றியது. அடுத்து வந்தவர் திரையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு நோயாளியை நிறுத்தி, நோயாளியே நமக்கு மையம் என்றார். சுற்றியிருந்த எட்டுப் பேரிடமிருந்தும் அம்புக்குறிகள் அந்த மனுஷனை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. படத்தை வரைந்தவன் அறியாமல் உண்மையை வரைந்துவிட்டான். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்குக்கூட இவர்களைவிடக் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் இன்னொரு பெரிய திரை. அதில் அந்தக் கம்பெனியின் தென்மண்டலக் கேஸ்கள் எல்லாம் அந்தந்த நிமிஷமே புள்ளிகளாக ஓடின. நேரத்துக்குள் இருந்தால் பச்சை, ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனால் மஞ்சள், ஒரு மணி நேரம் தாண்டினால் சிவப்பு. "இந்த வருஷம் இதுவரை ஒரு சிவப்புகூட விழவில்லை" என்று அறிவித்தார் மண்டலத் தலைவர். கோட்டுப் போட்ட பருத்த மனிதர். "இன்று இந்த அரங்கிலும் விழாது." ஐந்நூறு பேரும் கைதட்டினார்கள். அந்தச் சாதனைக்காகத் தென்மண்டலத்தின் கேஸ்களைப் பார்க்கிற டாக்டருக்குப் பிற்பகலில் நேரந்தவறாமை விருது. "இந்த மண்ணின் மைந்தர், டாக்டர் கிளீட்டஸ்" என்று சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள்.

லீலாபாய் அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அவர் கையில் இருந்த போன் அதிர்ந்தது. அவர் கீழே பார்த்தார். போன் திரையில் வரிசையாகச் சில வாக்கியங்கள் சேமித்து வைத்திருந்தார். கட்டைவிரலால் ஒன்றைத் தொட்டார், போனைத் தொடைமேல் கவிழ்த்தார், மேடைப் பேச்சுக்கு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். லீலாபாயின் பர்சுக்குள் சத்தம் கேட்டது. 'அறிகுறி எப்போது தொடங்கியது என்பதைத் தேதியுடன் உறுதிசெய்யவும்.'

மூன்று வருஷமாக அவள் மனதில் வைத்திருந்த பஞ்சாங்கத்துக்குத் தொந்தியும் மூக்குக்கண்ணாடியும் உண்டு. இந்த நோஞ்சானா அது என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகுதான் ஆத்திரம் வந்தது. அவர் கேஸைத் திறக்கவே இல்லை. அதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டுக்கு விட்டதும் கையில் தட்டோடு நின்றவரை மறித்தாள்.

"டாக்டர், ஆரல்வாய்மொழி குமாரதாஸ் கேஸு. வலி என்னைக்குத் தொடங்கிச்சுன்னு மூணு தடவ கேட்டிருக்கிய."

"கேஸ் நம்பர் சொல்லுங்க மேடம், பார்க்கலாம்" என்றார் அவர், சென்னைத் தமிழில்.

"நம்பர் எதுக்கு? கொஞ்சம் முன்ன நீங்க கைதட்டுததுக்கு முந்தி அனுப்பினியளே, அதாக்கும்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். சென்னைத் தமிழ் கழன்று விழுந்தது. "அக்காவுக்கு ஊரு எங்க?"

"பூதப்பாண்டி."

"எனக்குக் குளச்சலாக்கும். அக்கா, உங்ககிட்ட மறைச்சு என்ன செய்ய? ஒரு நாளைக்கு நூத்தி எம்பது கேஸு. இன்னைக்கு மத்தவிய எல்லாருக்கும் லீவு, நான் ஒருத்தன்தான். வாசிக்க இருந்தா நாப்பதுகூட தீராது. ஒண்ணு சிவப்பு விழுந்தா எனக்க வேல போயிரும்."

"அந்த மனுசனுக்குக் காலு போயிரும்."

"பதில போர்ட்டல்ல போடுங்க. நான் பாக்கேன்."

"எப்ப பாப்பிய?"

"டைமுக்குள்ள பாப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் பாயச வரிசைக்கு நகர்ந்தார். குற்றம் தெரியாமல் செய்கிறவனை லீலாபாய் பாதி மன்னித்துவிடுவாள். இவர் தெரிந்து செய்கிறார், அதுவும் குளச்சல்காரர். மீதிப் பாதியும் இவருக்குக் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தாள்.

மண்டலத் தலைவரிடமும் போய்ப் பார்த்தாள். அவர் அவளுடைய கழுத்தட்டையைப் படித்து, "ஓ, சிறந்த ஒத்துழைப்பு" என்று சிரித்துக் கைகொடுத்துவிட்டு, மீன் பொரிப்பு எங்கே இருக்கிறது என்று பரிசாரகனிடம் கேட்கப் போனார்.

ரஸீனா போனில் வந்தாள். "அக்கா, மூணாவது கேள்விக்குப் பதில் ரெடி. அனுப்பட்டா?"

"அனுப்பாத."

"திருவனந்தபுரம் டாக்டரு வந்தாச்சு அக்கா. மூணு மணிக்குள்ள உத்தரவு வரலேன்னா போயிருவேன்னு சொல்லுதாரு. அந்த அக்கா வேற நம்ம மேஜைக்கு முன்னால வந்து நிக்கா, குமாரதாஸுக்க பெண்டாட்டி."

"தெரியும் மக்கா. நான் சொல்லும்போ அனுப்பு."

அவள் சாப்பிடவில்லை. சன்னல் ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனதுக்குள் கணக்குப் போட்டாள். இப்போது பன்னிரண்டு மணி. உடனே பதில் அனுப்பினால் பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஒரு கேள்வி, பிறகு இரண்டு மணியை ஒட்டி ஒரு கேள்வி, அதற்கடுத்தது மூன்று மணியைத் தாண்டிப் போய்விடும். இந்த மனுஷன் ஐம்பத்தெட்டாவது நிமிஷத்துக்கு முன்னால் தொடமாட்டார். சீக்கிரம் கேட்டால் சீக்கிரம் பதில் வந்து வேலை இரட்டிக்குமே. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கை சும்மா இல்லாமல் போனால்? மேடையில் நின்றால்? விருது வாங்குகிறவனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கொடுப்பார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள், சட்டம் போட்ட சான்றிதழ் கொடுப்பார்கள். அத்தனையையும் பிடித்துக்கொண்டு சட்டைப்பையில் இருக்கும் போனை எடுக்க நாலு கை வேண்டும். மஞ்சள் விழுவது அவர் முதுகுக்குப் பின்னால், முன்வரிசையில் இருப்பவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள், பார்த்தால் சிவப்பு விழ விடமாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலில் விருது இரண்டு மணிக்கு. இவர்கள் இரண்டு மணி என்றால் இரண்டு அல்ல என்பதைக் கோவளத்திலேயே பார்த்திருக்கிறாள். எத்தனை மணி என்பதுதான் கேள்வி. தலைமை விருந்தினர் மனைவியோடு படகில் பாறைக்குப் போயிருப்பதாக வரவேற்பு மேஜைப் பெண் சொன்னாள். ஒன்றேகாலுக்குப் படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பும் படகுக்குப் பாறையில் கூட்டம் அதிகம், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்றார் டிக்கெட்காரர். இரண்டேகாலுக்குக் கரை, பத்து நிமிஷம் முகம் கழுவ, இரண்டரைக்கு மேடை. விருதுகளின் வரிசையில் முதலாவது ஒத்துழைப்பு, இரண்டாவது நேரந்தவறாமை.

ஒரு மனுஷனின் காலை வைத்து இப்படிச் சூதாட நீ யார் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தப்பினால் அந்தக் காலை எடுத்தது கம்பெனி இல்லை, பூதப்பாண்டி லீலாபாய். அந்தப் பயத்தை அவள் பின்னால் முருகதாஸிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. படகுத்துறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்று முப்பத்தாறு ஆயிற்று.

"ரஸீனா, இப்ப அனுப்பு" என்றாள்.

தலைமை விருந்தினர் இரண்டு பத்தொன்பதுக்கு வந்தார். தலைமுடி காற்றில் கலைந்து, பாறையின் அழகைப் பற்றி ஆறு நிமிஷம் பேசினார். லீலாபாய் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இருபத்தெட்டுக்கு அவளுடைய ஆஸ்பத்திரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை, கேடயம், பூங்கொத்து, சான்றிதழ். எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்க மேடையிலேயே நிற்கச் சொன்னார்கள். அடுத்து டாக்டர் கிளீட்டஸ். அவரும் ஏறி வந்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். தூரத்தில் முன்வரிசையில் மண்டலத் தலைவர் தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. மஞ்சள் விழுந்துவிட்டது என்று லீலாபாய்க்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

கிளீட்டஸின் பைக்குள் போன் அதிர்ந்தது. அவர் கேடயத்தை இடக்கைக்கு மாற்றப் பார்த்தார். சான்றிதழ் நழுவியது.

"பூவை நேராப் பிடிங்க டாக்டர், முகம் மறையுது" என்றாள் லீலாபாய். பிறகு போட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, நாங்க ரெண்டுபேரும் ஒரே மாவட்டமாக்கும். எங்கள தலைமை விருந்தினரோட தனியா ஒண்ணு எடுங்க" என்றாள்.

தலைமை விருந்தினர் அகமகிழ்ந்து, இருவருக்கும் நடுவில் வந்து, இருவர் தோளிலும் கையைப் போட்டார். பெரிய மனுஷன் தோளில் கை போட்டிருக்கும்போது யாரால் பைக்குள் கையை விட முடியும்?

"அக்கா, கொஞ்சம் விடுங்க" என்றார் கிளீட்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிரிங்க டாக்டர்" என்றாள் அவள். "இன்னொண்ணு எடுங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணு மூடிட்டு."

பை இரண்டாம் தடவையும் அதிர்ந்தது. முன்வரிசையில் மண்டலத் தலைவர் எழுந்து நின்று ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற யாரையோ போனில் பிடித்திருந்தார். சத்தம் கேட்கவில்லை என்றாலும் அவர் என்ன சொல்கிறார் என்று உதட்டிலேயே படிக்க முடிந்தது. கேள்வி எழுத டாக்டர் இல்லையா, எந்தக் கேஸாக இருந்தால் என்ன, கொடுத்துத் தொலை. இரண்டு முப்பத்தைந்துக்கு மஞ்சள் பச்சையானது. அவர் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். அரங்கம் என்னவென்று புரியாமலே கைதட்டியது.

பர்சுக்குள் போன் அடித்தது. மேடையை விட்டு இறங்கிக்கொண்டே எடுத்தாள்.

"அக்கா, வந்துட்டு" என்றாள் ரஸீனா. "முழுசா குடுத்திருக்காவ. தள்ளிட்டுப் போறாவ அக்கா." லீலாபாய் கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ கொண்டுவந்து வைத்த பாயசத்தைக் குடித்தாள். அது நன்றாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

குமாரதாஸின் கால் பிழைத்தது. கறுத்த விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள், மற்றபடி கால் அவருடையதாகவே இருக்கிறது. மூன்று மாதத்தில் ஏணி ஏறலாம் என்றார் டாக்டர்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கேட்ட கேள்விக்குப் பதினைந்து நிமிஷத்துக்குள் பதில் வராவிட்டால் கேஸ் தானாக மூடப்படும், நோயாளிகளின் நலன் கருதி இந்த ஏற்பாடு. பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து லீலாபாய் பார்த்ததில்லை. கிருஷ்ணமணி கேடயத்தை வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, சுற்றறிக்கையை அவளிடம் கொடுத்து, "ஒத்துழைக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் முருகதாஸ் கேட்ட பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

வெள்ளிக்கிழமை குமாரதாஸை வீட்டுக்கு அனுப்பும் நாள். அவருடைய மனைவி ஜெப்சி கையில் ஒரு வெள்ளைக் கவரோடு மேஜைக்கு வந்தாள். ஒல்லியான பெண், ஒரு வாரமாகத் தூங்காத கண்.

"அக்கா, ஞாயித்துக்கிழம சர்ச்சுல ஸ்தோத்திரக் காணிக்க வைக்கப்போறேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்லணுமோ அவிய பேரை எழுதிக் குடுத்தா போதகர் சபைக்கு முன்னால வாசிப்பாரு. திருவனந்தபுரம் டாக்டருக்க பேரு எழுதியாச்சு. உங்க பேரும் ரஸீனா பேரும் எழுதியாச்சு. இன்சூரன்ஸ்ல எனக்க மாப்பிள்ளைக்க கேஸ வாசிச்சு, மனசிரங்கி பாஸாக்கினாரே, அவருக்க பேரு என்னது அக்கா?"

ரஸீனா தலையைக் குனிந்துகொண்டாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். லீலாபாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை, போர்ட்டலில் அவள் சொல்லாத பொய்யா? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் பெயர் ஒரு சபைக்கு முன்னால் நன்றியோடு வாசிக்கப்படுவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"எட்டி, அந்த இடத்த எழுதாம விடு. ஒருத்தரும் வாசிக்கல."

"வாசிக்காம எப்பிடி அக்கா பாஸாக்குவாவ?"

"வாசிக்காததுனாலதான் பாஸாக்கினாவ. அவியளுக்கு ஒரு மஞ்சள் புள்ளிய அழிக்கணும், அவ்வளவுதான்."

ஜெப்சி பேனாவோடு நின்றாள். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் சக்கர நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எனக்க மாப்பிள்ளைக்க பேராவது அவியளுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது" என்றாள் லீலாபாய்.